யூஎஸ்ஜிஎஸ் புவிநடுக்க வரைபடம்: வன்னி வகுப்பறைக்கு எவ்வளவு உதவும்?

ஏ.எல். புவியியல் படிக்கிற பிள்ளைக்குப் பசுபிக் நெருப்பு வளையம் என்றால் உலகப்படத்தில் அடித்த ஒரு சிவப்புக் கோடு. ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர் நீளம், உலகின் புவிநடுக்கங்களில் பத்துக்கு ஒன்பது அதில், எரிமலைகளில் நாலில் மூன்று பங்கு அதில் என்று பாடமாக்கி எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கோட்டில் ஒரு இடத்தில் நடுக்கமும் எரிமலையும் சேர்ந்து வருவதும், இன்னொரு இடத்தில் நடுக்கம் மட்டும் வருவதும் ஏன் என்று அந்தச் சிவப்பு மை சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது நடுக்கம் தொடங்குகிற ஆழம். ஆழத்தைக் காட்டுகிற இலவசக் கருவி ஒன்று கையிலிருக்கிற போனிலேயே இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனமான யூஎஸ்ஜிஎஸ் நடத்தும் இணையப் புவிநடுக்க வரைபடமும், அதோடு சேர்ந்த பழைய பதிவுகளின் பட்டியலுமே அது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இதை வைத்துப் பாடம் நடத்த நினைக்கிற ஆசிரியர்களுக்காக இந்த மதிப்பீடு. எங்கள் புள்ளி ஐந்துக்கு நாலு. குறைகிற ஒரு புள்ளிக்குக் காரணம் தரவு அல்ல, தரவு தெரிகிற விதம். வழிகாட்ட ஆள் இல்லாமல் ஒரு பிள்ளை இதைத் திறந்தால் பிழையான முடிவுக்கு வர நாலைந்து இடம் இருக்கிறது. அவற்றை விபரமாகச் சொல்கிறோம்.

பதிவு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், காசு வேண்டாம். கூகுளில் "யூஎஸ்ஜிஎஸ் ஏர்த்குவேக்" என்று தேடினால் முதலில் வரும். தனிச் செயலி எதையும் இறக்கத் தேவையில்லை. பிளே ஸ்டோரில் கிடக்கிற பல செயலிகள் இதே தரவை எடுத்து விளம்பரத்தோடு தருபவை. திறந்தவுடன் தெரிவது கடந்த ஒரு நாளில் பருமன் (நடுக்கத்தின் வலிமையைக் காட்டும் எண்) 2.5க்கு மேற்பட்ட நடுக்கங்கள். வட்டத்தின் அளவு பருமனைக் காட்டும், நிறம் எவ்வளவு புதிது என்பதைக் காட்டும். ஒன்றைத் தொட்டால் இடம், நேரம், ஆழம் வரும்.

இந்தத் தொடக்கக் காட்சியோடு பாடத்தைத் தொடங்கக்கூடாது. முதற் பிழை இங்கேதான் நடக்கிறது. அமெரிக்காவுக்குள் நடுக்கமானிகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே சின்னச் சின்ன நடுக்கமும் பதிவாகும். மற்ற நாடுகளில் ஏறக்குறைய 4.5க்கு மேலே உள்ளவைதான் ஒழுங்காக ஏறும். இதனால் கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் எல்லாம் புள்ளி புள்ளியாக நிரம்பியும், இந்தோனேசியா கொஞ்சம் வெறிச்சோடியும் தெரியும். உலகத்திலே கூட நடுங்குவது அமெரிக்காதான் என்று பிள்ளை எழுதிவிடும். செற்றிங்ஸில் போய் 30 நாள், பருமன் 4.5க்கு மேல் என்று மாற்றினால் எல்லா நாடும் ஒரே அளவுகோலுக்கு வரும். சில நூறு புள்ளிகள் விழும்.

அதே இடத்தில் தகட்டெல்லைக் கோட்டை, அதாவது பூமியின் மேற்பரப்பை மூடியுள்ள பெரும் பாறைத் தகடுகள் சந்திக்கும் எல்லையை, காட்டுகிற தெரிவும் இருக்கிறது. அது போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். படத்தை இழுத்துப் பசுபிக் சமுத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் வளையம் இரண்டாகப் பிளந்து திரையின் இரு ஓரத்திலும் கிடக்கும். இப்போது வெறும் புள்ளிகளை மட்டும் பார்த்து, அச்சடித்த உலகப் புறவுருவப் படத்தில் பிள்ளைகளே பென்சிலால் கோடு இழுக்கட்டும். நியூசிலாந்திலிருந்து தொங்கா, பிஜிப் பக்கம் ஏறி, பப்புவா நியூகினி, பிலிப்பைன்ஸ், ஜப்பான், கம்சட்கா, அலூசியன் தீவுகள், அலாஸ்கா, பிறகு அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையால் சிலி வரை கோடு தானாக வரும். தெற்கே அந்தாட்டிக்காப் பக்கம் கோடு மூடாது. பெயர்தான் வளையம், உருவம் குதிரை லாடம். அதன்பிறகு தகட்டெல்லைக் கோட்டைப் போட்டு ஒப்பிடுங்கள். தான் இழுத்த கோடும் விஞ்ஞானிகள் இழுத்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கண்ட பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. இந்த ஒரு பயிற்சிக்காகவே இந்தத் தளத்தைப் பரிந்துரைப்போம்.

போனின் சின்னத்திரையில் செய்மதிப் படத்தைப் பின்னணியாக வைத்தால் ஏற நேரமெடுக்கும், டேட்டாவும் கரையும். சாம்பல் நிறப் பின்னணியே போதும். புள்ளிகளும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

இதுவரை சொன்னது மேலோட்டம். கருவியின் உண்மையான பெறுமதி பழைய பதிவுகளைத் தேடும் பக்கத்தில் இருக்கிறது. பருமன், திகதி, அகலக்கோடு, நெடுங்கோடு, ஆழம் எல்லாவற்றையும் நாங்களே வரையறுத்து, கிடைக்கிற முடிவைச் சீஎஸ்வி கோப்பாக, அதாவது எக்செலில் திறக்கக்கூடிய பட்டியலாக, இறக்கலாம். ஒரு தேடலுக்கு 20,000 நடுக்கம் என்பது உச்சவரம்பு. பள்ளிக்கூட வேலைக்கு அது தாராளம். ஒருவர் ஒருமுறை இறக்கினால் போதும், வாட்ஸ்அப்பிலோ பென்டிரைவிலோ எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். கரன்ட் போனாலும் அச்சடித்த பட்டியலோடு வகுப்பு நடக்கும்.

எங்கள் தெரிவு வடசிலி. பெட்டியின் எல்லைகளை இப்படிக் கொடுங்கள்: அகலக்கோடு -24 முதல் -21 வரை, நெடுங்கோடு -72 முதல் -61 வரை, திகதி 2000 முதல் இன்றுவரை, பருமன் 4.5க்கு மேல். தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு எழுதப்பட வேண்டும். அதை மறந்தால் பெட்டி பூமியின் வேறு மூலைக்குப் போய்விடும். கையால் வரைவதற்கு 200 புள்ளிக்கு மேல் வேண்டாம். கூட வந்தால் பருமனை 5க்கு உயர்த்துங்கள், அல்லது ஆண்டுகளைக் குறையுங்கள்.

வரைபுத்தாளைக் குறுக்காக வையுங்கள். கிடையச்சில் நெடுங்கோடு, நிலைக்குத்தச்சில் ஆழம், ஆழம் கீழ்நோக்கி. இரண்டுக்கும் ஒரே அளவுத்திட்டம் கட்டாயம்: 1 சென்ரிமீற்றருக்கு 50 கிலோமீற்றர். அந்த அகலக்கோட்டில் ஒரு பாகை நெடுங்கோடு ஏறக்குறைய 103 கிலோமீற்றர், ஆகவே ஒரு பாகைக்கு 2 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. 11 பாகைக்கு 23 சென்ரிமீற்றர் போகும், 700 கிலோமீற்றர் ஆழத்துக்கு 14 சென்ரிமீற்றர் போகும், ஏ4 தாளில் அடங்கிவிடும். எக்செலில் போட்டால் அது தன் பாட்டுக்கு இரண்டு அச்சையும் வேறு வேறு அளவில் இழுத்துச் சரிவைக் கெடுத்துவிடும். ஆகவே முதல்முறை கையாலேயே வரையுங்கள்.

புள்ளிகள் விழ விழ ஒரு சாய்கோடு எழும்பிவரும். மேற்கே, கரையோரத்துக்கு வெளியே பெரு-சிலி அகழி என்ற நீண்ட கடலடிப் பள்ளத்தின் பக்கம் நடுக்கங்கள் ஆழமில்லாதவை. கிழக்கே போகப் போக 100, 200 கிலோமீற்றர் என்று இறங்கும். ஆர்ஜென்டீனா-பொலிவியா எல்லையின் கிழக்குப் பகுதியில் 500 கிலோமீற்றரைத் தாண்டும். அந்தச் சாய்கோடுதான் நாஸ்கா தகடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர், அதாவது நகம் வளரும் வேகத்தில் இரண்டு மடங்கு, தென்னமெரிக்காவோடு நெருங்கி அதன் கீழே புகுந்துகொண்டிருக்கும் சமுத்திரத் தகடு. கண்டத்தகட்டைவிட அடர்த்தி கூடியது என்பதால் அது கீழே போகிறது. போன பகுதி தன் பாரத்தால் பின்னால் வரும் பகுதியையும் இழுக்கிறது. கொடியில் போட்ட ஈரச்சேலை ஒரு பக்கம் கூடத் தொங்கினால் முழுச்சேலையும் அந்தப் பக்கமாக வழுக்கி விழுமே, அதுபோல. தகடுகளை நகர்த்தும் விசைகளில் பெரியது இந்த இழுவை. அடியில் கொதிக்கிற குழம்பு தகட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது. அங்கே குழம்புக் கடலும் இல்லை. தகடுகளுக்குக் கீழேயுள்ள மென்மூடி திண்மப் பாறை. நீண்ட காலத்தில் மிக மெதுவாக ஒழுகக்கூடிய திண்மம்.

வரைபில் இரண்டு விடயம் பிள்ளையைக் குழப்பும். ஒன்று, 10 கிலோமீற்றர் ஆழத்தில், பழைய பதிவுகளில் 33 கிலோமீற்றரிலும், புள்ளிகள் கிடையாக வரிசை கட்டி நிற்கும். அது பாறையின் அடுக்கு அல்ல. ஆழத்தைச் சரியாகக் கணிக்கப் பதிவு போதாதபோது கணிப்பவர்கள் வைத்துவிடும் நிலையான பெறுமானம். அந்தப் புள்ளிகளை வேறு நிறத்தில் போடச்சொல்லுங்கள். மற்றது, ஏறக்குறைய 300க்கும் 500க்கும் இடையில் புள்ளிகள் மிக அரிதாகும், பிறகு திடீரெனத் திரும்பவும் வரும். தரவு விடுபட்டுப்போனது என்று திரும்ப இறக்க வேண்டாம். தென்னமெரிக்காவின் கீழ் இறங்கும் தகடு அந்த ஆழங்களில் உண்மையாகவே அமைதியாக இருக்கிறது.

இப்போது அதே தாளில் லாஸ்கார் எரிமலையைக் குறியுங்கள்: ஏறத்தாழ 23.4 பாகை தெற்கு, 67.7 பாகை மேற்கு. மேலே ஒரு முக்கோணம் போட்டு அதிலிருந்து நேரே கீழே கோடு இழுத்தால், சாய்கோட்டை 100 கிலோமீற்றரை ஒட்டிய ஆழத்தில் சந்திக்கும். பசுபிக்கைச் சுற்றி எங்கே இதைச் செய்தாலும் பெரும்பாலும் இதே மாதிரி எண்தான் வரும். காரணம் தண்ணீர். கடலுக்கடியில் கிடந்த தகட்டின் கனியங்களில் தண்ணீர் பிணைந்திருக்கிறது. ஆழம் போக வெப்பமும் அமுக்கமும் கூடி அந்தத் தண்ணீர் பிரிந்து மேலேயுள்ள மென்மூடிக்குள் ஏறுகிறது. ஐஸ்கட்டியில் உப்புப் போட்டால் உருகுநிலை குறைந்து ஐஸ் கரைவதுபோல, தண்ணீர் பட்ட பாறையின் உருகுநிலை குறைந்து ஒரு பகுதி உருகுகிறது. அந்த உருகல்தான் மேலெழுந்து எரிமலையாகிறது. இரண்டு தகடு உரசுகிற சூட்டில் பாறை உருகுகிறது என்ற விளக்கம் பல குறிப்புப் புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. இந்த வரைபைக் காட்டி அதைத் திருத்தலாம்: உரசலே காரணம் என்றால், உரசல் கடுமையாக உள்ள அகழியோரத்தில் எரிமலை நிற்க வேண்டுமே. அது அங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே தள்ளி நிற்கிறது.

ஒப்பிட இன்னொரு பெட்டி கலிபோர்னியாவின் சான் அன்றியாஸ் பிளவு. ஆழமெல்லாம் ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்குள், சாய்கோடு இல்லை, அந்தப் பிளவுவழியே எரிமலை வரிசையும் இல்லை. தகடுகள் பக்கவாட்டில் வழுக்குகின்றன, ஒன்றும் கீழே போகவில்லை, தண்ணீரைக் கீழே கொண்டுபோக ஆளில்லை. தொங்காவையும் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: அங்கே பெட்டி 180 பாகைக் கோட்டைக் கடக்கும். கிழக்கெல்லையை -172 என்று கொடுத்தால் வேலை செய்யாது. 175 முதல் 188 வரை என்று தொடராகக் கொடுங்கள், தளம் ஏற்றுக்கொள்ளும். இறங்கும் கோப்பில் நெடுங்கோடு கழித்தல் குறியோடு வந்தால் அதோடு 360ஐக் கூட்டிவிட்டு வரையுங்கள்.

ஒரு புள்ளியை நம்பி ஏமாறும் இடம் 2004. முல்லைத்தீவுக் கரையில் இதைப் படிப்பிக்காமல் விடமுடியாது. பட்டியலில் அந்த நடுக்கம் 26.12.2004, பருமன் 9.1, ஆழம் 30 கிலோமீற்றர், 3.3 பாகை வடக்கு, 96 பாகை கிழக்கு என்று இருக்கும். நேரம் உலகநேரத்தில் 00:58:53. அப்போது இலங்கை நேரம் உலகநேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முந்தியது. ஆகவே கொழும்பு நேரம் காலை 6.58, வன்னியில் வழங்கிய பழைய நேரத்தில் 6.28. இன்றைய ஐந்தரை மணி வித்தியாசத்தைக் கூட்டிக் கணக்குப் பார்க்கிற பிள்ளைக்கு அன்றைய அரச நேரத்தோடு அரை மணி இடிக்கும்.

அந்தப் புள்ளி சுமாத்திராவுக்கு மேற்கே ஒரு வட்டம். முல்லைத்தீவிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்திலிருந்த ஒரு வட்டம் எங்கள் கரையை ஏன் அப்படி அடித்தது என்று பிள்ளை கேட்டால், தேடலில் அகலக்கோடு 2 முதல் 15, நெடுங்கோடு 91 முதல் 97, 26.12.2004 முதல் 31.01.2005 வரை, பருமன் 4.5 என்று கொடுங்கள். பின்னதிர்வுகள் சுமாத்திராவிலிருந்து நிக்கோபார், அந்தமான் வரை வடக்கே நீண்ட ஒரு பட்டையாக விழும். கிழிந்த நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். வட்டம் காட்டுவது கிழிசல் தொடங்கிய முனையை மட்டும். நிக்கோபார்ப் பகுதியிலிருந்து முல்லைத்தீவுக்கு 1,300 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. 4,000 மீற்றர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீற்றர் போகும், ஆழம் குறைந்த இடத்தில் வேகம் குறையும். கணக்குப் பார்த்தால் இரண்டு மணித்தியாலம் வருகிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரையில் எவருக்கும் செய்தி கிடைக்கவில்லை. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இந்தப் பயிற்சியைச் செய்யும்போது வகுப்பில் உறவை இழந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை மனதில் வைத்து, முதல்நாளே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இதோடு 11.04.2012 நடுக்கத்தையும் பக்கத்தில் வையுங்கள். பருமன் 8.6, அதே சுமாத்திராப் பக்கம், அன்றும் இலங்கைக் கரையோரத்துச் சனத்தை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் பெரிய அலை வரவில்லை. ஏன் என்பதற்கு விடை நடுக்கத்தின் பக்கத்தில் உள்ள மொமன்ற் ரென்சர் என்ற பகுதியில் இருக்கிறது. அங்கே பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று காட்டுகிற, நிறமும் வெள்ளையுமான ஒரு பந்து இருக்கும். 2012இன் பந்து நாலு காலாகப் பிரிந்து கிடக்கும்: பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின, கடற்றளம் பெரிதாக மேலெழவில்லை, தண்ணீர் கிளம்பவில்லை. 2004இன் பந்து ஒருபக்கம் பாதி நிறமாக, மறுபக்கம் பாதி வெள்ளையாகத் தெரியும்: மிகச் சாய்வு குறைந்த தளத்தில் மேல்தகடு கடலடியோடு சேர்ந்து ஏறியது. இந்தப் பந்தை வாசிக்கப் பழகுவதற்கு ஒரு பாடவேளை போதும். தளத்தின் மிகவும் கவனிக்கப்படாத பகுதி இதுதான், எங்கள் கணிப்பில் மிகவும் பயனுள்ளதும் இதுதான்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. முழுத்தளமும் ஆங்கிலத்தில். பிறவுசரின் தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டால் கலைச்சொற்கள் எங்கள் பாடத்திட்டச் சொற்களோடு பொருந்தா. பத்துப் பதினைந்து சொல்லை ஆசிரியரே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வட்டங்களின் அளவும் ஏமாற்றும். பருமன் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு, இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. திரையில் வட்டம் கொஞ்சம்தான் பெருக்கும். இதை வாயால் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் வரும் எண் கடைசி எண் அல்ல என்பதும் பழகவேண்டியது. 2025 யூலையில் கம்சட்கா நடுக்கம் முதலில் 8.0 என்று வந்து, பிறகு 8.7 ஆகி, 8.8இல் நின்றது. பெரிய நடுக்கத்தின் நீண்ட அலைகள் முழுவதும் பதிவாக நேரமெடுக்கும், அதனால் அவசரக் கணிப்பு குறைவாக வருவது வழமை. ஒவ்வொரு நடுக்கத்தின் பக்கத்திலும் கணினி தானாகக் கணித்ததா, ஆள் சரிபார்த்ததா என்ற குறிப்பு இருக்கும். ஒப்படைக்கு எழுதும்போது சரிபார்த்ததையே எடுங்கள்.

எரிமலைகள் இந்த வரைபடத்தில் இல்லை. அதற்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் தளத்துக்குப் போகவேண்டும், அதுவும் இலவசம். எரிமலைகளின் இருப்பிடப் பட்டியலும் கிழமைக்கொரு வெடிப்பறிக்கையும் அங்கே உண்டு. மேலே சொன்ன வரைபில் முக்கோணம் போட இடக்கணக்கை அங்கிருந்து எடுக்கலாம். இரண்டையும் ஒரே திரையில் பார்க்க முடிந்திருந்தால் நாங்கள் ஐந்து புள்ளியும் கொடுத்திருப்போம்.

எங்கள் ஊரைத் தேடினால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். இலங்கை இந்தியத் தகட்டின் உட்பகுதியில், எல்லைகளுக்குத் தூரத்தில் இருக்கிறது. வவுனியாப் பக்கத்துக் கல்மலைகள் உட்பட்ட பழம்பாறையைப் புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள், அது பல கோடி ஆண்டுப் பழமை. கன்னியா வெந்நீரூற்றைக் காட்டி எரிமலை என்று சொல்வார்கள், அது எரிமலை அல்ல. ஆனால் உலகை அளக்கிற வலையில் நாங்களும் இருக்கிறோம். கண்டிக்குக் கிட்டப் பல்லேகலையில் உள்ள நடுக்கமானி உலக வலையமைப்பின் நிலையங்களில் ஒன்று.

ஒன்றுக்கு மட்டும் இந்தத் தளத்தைப் பாவிக்க வேண்டாம்: சுனாமி வருமா வராதா என்று முடிவெடுக்க. அது அதன் வேலை அல்ல. எங்களுக்கு எச்சரிக்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலிருந்து வரும், அவசர இலக்கம் 117. கரையில் நிற்கும்போது நிலம் நீண்டநேரம் ஆடினாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ போனைத் திறந்து பருமன் பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். படத்தை அங்கே போய்ப் பார்க்கலாம்.